ஒத்த நகரங்களின் செலவுக் கணக்கு



பாலையூற்றுப் பக்கத்திலே நகரமும் நகர்ப்புறமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மதிலுக்கு மதில், கடைக்குக் கடை தொடர்ந்து செல்லும் இந்தத் திருகோணமலைப் புறநகரப் பகுதிகளில், நகராட்சியின் எல்லை எவ்விடத்தில் முடிகிறது, பிரதேச சபையின் எல்லை எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை வீதியில் நடந்து செல்பவர் கண்ணாற் கண்டு சொல்லிவிட முடியாது. மாரிகாலத்து வெள்ளமும் அந்தக் கோட்டை அறிவதில்லை. ஆயினும் சோலைவரிப் பற்றுச்சீட்டு அதை நன்றாக அறியும். குப்பை வண்டியும் அறியும்.

இப்பகுதி மக்கள் இருவர் சந்தித்து உள்ளூராட்சி பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவில் ஓர் ஒப்பீட்டில் வந்து நிற்கும். "மட்டக்களப்பிலே வாவிக்கரை வீதியெல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. காலியிலே வடிகால் ஒழுங்காக ஓடுகிறது. நம்முடைய ஊரும் அவ்வளவு பெரிய ஊர்தானே? வரியும் கட்டுகிறோமே, பணம் எங்கே போகிறது?" என்று ஒருவர் கேட்பார். கேள்வி நியாயமானது. வரி செலுத்துபவன் தன் பணத்திற்கு ஈடாகக் கிடைப்பதை அயலூரானுக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது குற்றமன்று. சனநாயகத்திற்கு அது ஒரு வகையில் அடிப்படை. ஆனால் அக்கேள்விக்கு விடை காண்பதற்கு இரண்டு நகரங்களின் வரவு செலவுத் திட்டங்களை அருகருகே வைத்துத் தொகைகளைப் பார்த்தால் மட்டும் போதாது.

முதலாவதாக, ஒத்த அளவுடைய நகரங்கள் எவை என்பதே எளிதிற் தீராத வழக்கு.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை நகரசபைப் பகுதியிலும் மட்டக்களப்பு மாநகரசபைப் பகுதியிலும் வாழ்ந்தோர் தொகை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இரண்டும் 40,000ஐச் சற்றே தாண்டியவை. 2012ஆம் ஆண்டு மதிப்பிலோ மட்டக்களப்பு மாநகரம் 80,000ஐக் கடந்துவிட்டது. திருகோணமலை நகரசபைப் பகுதி 50,000ஐ ஒட்டியே நின்றது. இதைக் கொண்டு திருகோணமலை வளரவில்லை என்று முடிவு செய்பவர் பெரிதும் தவறிவிடுவார். நகரமும் சூழலும் என்ற பிரதேச செயலாளர் பிரிவு முழுவதையும் சேர்த்து எண்ணினால் அதே 2012இல் தொகை ஒரு லட்சத்தை நெருங்கியது. ஊர் வளர்ந்தது, ஆனால் வளர்ச்சியின் பெரும்பகுதி எல்லைக் கோட்டிற்கு அப்பாலே போய் விழுந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலிலே திருகோணமலையும் வவுனியாவும் மாநகரசபைகளாக வாக்களித்தன. பெயர்ப்பலகை உயர்ந்தது. ஆயினும் பட்டினமும் சூழலும் பிரதேச சபை தன் இடத்திலேயே இருக்கிறது. அதற்கும் அன்றே தனியாகத் தேர்தல் நடந்தது.

ஆகவே திருகோணமலையை எதனோடு ஒப்பிடுவது? கோட்டின் உள்ளே மட்டும் பார்த்தால் அது வவுனியாவைச் சற்று விஞ்சிய ஒரு சிறு பட்டினம். மக்கள் நாள்தோறும் வாழும் ஊராகப் பார்த்தால் அது மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், காலி ஆகியவற்றின் வரிசையிலே வைத்து எண்ணத்தக்க நகரம். ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு சபை ஆண்டிலே 10 கோடி ரூபா செலவு செய்கிறது என்று வைத்துக்கொண்டால், 50,000 பேருக்கு அதைப் பகிரும்போது தலைக்கு 2,000 ரூபா விழும். சந்தைக்கும் பேருந்து நிலையத்திற்கும் வைத்தியசாலைக்கும் வந்து போகும் ஒரு லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 1,000 ரூபாவே. செலவு ஒன்று, வகுக்கும் எண் வேறு. முதற் கணக்கைப் பார்ப்பவர் "எவ்வளவு ஊதாரித்தனம்" என்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் "எவ்வளவு கஞ்சத்தனம்" என்பார்.

இச்சிக்கல் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஹார்வி பிரேசர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1951ஆம் ஆண்டுக்குரிய 462 நகரங்களின் செலவுகளை ஆராய்ந்து 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரிய நகரம் தலைக்கு அதிகமாகச் செலவழிக்கும், சிறிய நகரம் குறைவாகச் செலவழிக்கும் என்பதே அதுவரை பலருடைய எண்ணம். அவர் கண்டதோ, மக்கள் எத்தனை பேர் என்பது தன்னளவிற் பெரிதாக எதையும் விளக்குவதில்லை என்பதே. மக்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள், அவர்களுடைய வருமானம் என்ன, மேலிருந்து வரும் உதவிப்பணம் எவ்வளவு என்பவையே செலவின் ஏற்ற இறக்கங்களைப் பெரிதும் தீர்மானித்தன. பெரிய நகரங்களைத் தனியே நோக்கியபோது மற்றொன்றும் புலப்பட்டது. சுற்றுப்புறத்தோடு சேர்ந்த முழு நகரப் பரப்பிலே எந்த நகரத்தின் சொந்தக் குடிகள் சிறு பங்கினராக இருந்தார்களோ, அந்த நகரம் தலைக்குச் செலவிட்ட தொகை கூடியிருந்தது. வெளியே உறங்கி உள்ளே உழைப்பவர்களுக்கும் வீதியைக் கூட்ட வேண்டும். விளக்கை ஏற்ற வேண்டும். திருகோணமலையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத ஒருவர், இந்த ஊரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தது போல் எழுதியிருக்கிறார்.

இலங்கையின் வடக்குக் கிழக்கிலே இந்த வகுக்கும் எண்ணுக்கு இன்னொரு துயரமும் உண்டு. 1981க்குப் பின்னர் இங்கே முழுமையான குடிசன மதிப்பு 2012இலேயே நடைபெற்றது. 2001இல் எடுக்கப்பட்ட மதிப்பு திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் முதலிய மாவட்டங்களிலே முழுமையாக நிறைவேறவில்லை. எனவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரங்களில் தலைக்கு இவ்வளவு ரூபா என்று யாராவது சொன்னால், அது ஊகத்தால் வகுத்த கணக்கு. யாழ்ப்பாண மாநகரை நோக்குக. 1981இல் 1,18,000 பேருக்கு மேல் வாழ்ந்த நகரம் அது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் அந்நகர மக்கள் ஒரே இரவிலே வெளியேறினார்கள். 2012இல் எண்ணியபோது தொகை 90,000க்கும் கீழே இருந்தது. ஆட்கள் குறைந்தார்கள் என்பதற்காக வீதியின் நீளம் குறைந்துவிடுமா? வடிகாலின் அடி குறைந்துவிடுமா? பெரிய ஊருக்காக அமைந்தவற்றைச் சிறிய ஊர் பேண வேண்டியிருக்கும்போது தலைச்செலவு ஏறத்தான் செய்யும். அதை நிர்வாகச் சீர்கேடு என்று எழுதுவது அநியாயம்.

இரண்டாவதாக, ஒரே பெயருடைய சபைகள் ஒரே வேலையைச் செய்வதில்லை. இதைக் கவனியாமற் செய்யும் ஒப்பீடு, ஐந்து பாடம் எழுதிய மாணவனின் மொத்தப் புள்ளியையும் எட்டுப் பாடம் எழுதிய மாணவனின் மொத்தப் புள்ளியையும் ஒரே பட்டியலிற் போடுவது போன்றது. கண்டி மாநகரசபை தன் மக்களுக்குத் தானே குடிநீர் வழங்குகிறது. திருகோணமலையிலே அப்பணி 1970களில் அமைந்த தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையினுடையது. கண்டியின் செலவுப் பட்டியலிலே நீரேற்றும் இயந்திரமும் குழாயும் நீர் சுத்திகரிப்பும் இடம்பெறும். திருகோணமலையின் பட்டியலிலே அவை இரா. வரவுப் பட்டியலிலும் அவ்வாறே, நீர்க்கட்டணம் அங்கே இருக்கும், இங்கே இராது. முன்னாளிலே பல சபைகள் மின்சாரமும் விநியோகித்தன. 1983இல் இலங்கை மின்சாரத் தனியார் கம்பனி தோன்றி, அச்சபைகள் சிலவற்றிடமிருந்து அப்பணியைப் பொறுப்பேற்றது. காலியும் அவற்றுள் ஒன்று. 1980ஆம் ஆண்டுக் காலிக் கணக்கையும் அதன் பின்னைய கணக்கையும் பக்கத்திற் பக்கம் வைப்பவர், நகரம் திடீரெனச் சிக்கனமாகிவிட்டதென்று மகிழ்ந்துவிடக் கூடாது.

நூலகத்தையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் மாநகரசபைக்கு உரியது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மீண்டும் கட்டப்பட்டு 2003இல் திறக்கப்பட்டது. அத்தகைய ஒரு நிலையத்தைப் பேணும் சபையின் நூலகச் செலவு, சிறு வாசிகசாலைகள் சிலவற்றை மட்டும் நடத்தும் சபையின் செலவை விட மிகுந்திருப்பது இயல்பு. அந்த வரியைச் சுட்டிக்காட்டி யாழ்ப்பாணம் தேவைக்கு மேல் செலவிடுகிறது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் வெறும் எண் அதைத்தான் சொல்லும்.

வரவுப் பக்கத்தையும் நோக்கவேண்டும். ஏனெனில் ஒரு சபை எவ்வளவு பெறுகிறதோ அதை ஒட்டியே செலவிடும். காலி 1860களிலேயே மாநகராட்சி பெற்ற ஊர். யாழ்ப்பாணம் 1949இலும் மட்டக்களப்பு 1967இலும் மாநகரசபைகளாயின. சோலைவரி என்பது வீடு, கடை, காணி ஆகியவற்றின் வருடாந்தப் பெறுமதியிலே இவ்வளவு வீதம் என்று விதிக்கப்படுவது. அப்பெறுமதியை விலைமதிப்புத் திணைக்களம் காலத்துக்குக் காலம் திருத்தவேண்டும். பல சபைகளிலே இத்திருத்தம் ஆண்டுக்கணக்காகத் தாமதமாகியிருக்கிறது. வரிவீதத்தை உயர்த்தினால் வாக்கு இழக்கப்படும் என்ற அச்சம் உறுப்பினர்களுக்கு. மதிப்பீட்டைத் திருத்தினாலும் அதே அச்சம். ஒரே பெறுமதியான இரண்டு கடைகள், ஒன்று புதிய மதிப்பீட்டு நகரிலும் மற்றொன்று பழைய மதிப்பீட்டு நகரிலும் இருந்தால், அவை செலுத்தும் வரி பல மடங்கு வேறுபடலாம்.

திருகோணமலைக்கு இதிலே தனியான ஒரு குறையும் உண்டு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைப் பெற்ற ஊர் என்று இதைப் பாடநூல்கள் போற்றுகின்றன. அந்தப் பெருமையே நகராட்சியின் நிலத்தைச் சுருக்கிவிட்டது. பிரித்தானியர் தமது கடற்படைத் தளத்தை 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி இலங்கைக்குக் கையளித்தார்கள். தளம் கைமாறியதே தவிர, தளமாக இருந்த நிலம் தளமாகவே நின்றது. பிரெடரிக் கோட்டையிலே படையினர் இருக்கிறார்கள். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் அவர்களைக் கடந்தே செல்கிறார்கள். துறைமுகத்தைச் சூழ்ந்த பரந்த காணிகள் துறைமுக அதிகாரசபைக்குரியவை. கடையும் வீடும் எழாத நிலத்திலே கடைவரியும் வீட்டுவரியும் எழா. மாநகரசபைக் கூடத்தில் அமர்ந்திருப்பவர் எத்துணைத் திறமையுடையவராயினும், கடலும் கோட்டையும் கடற்படையும் எல்லையிட்ட ஒரு நகரிலே வரிநிலத்தைப் புதிதாகப் படைத்துவிட முடியாது.

மானையும் மறத்தலாகாது. கோட்டையிலும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரிவது நகரங்களுக்கு அரிதாகவே வாய்க்கும் காட்சி. மூடியில்லாத குப்பைத் தொட்டி வேறு நகரிலே அசுத்தம் மட்டுமே. இங்கே அது ஓர் உயிர்க்கு நஞ்சு. பொலித்தீன் தின்று மான் மடிகிறது. ஒத்த நகரங்களின் கழிவகற்றல் செலவை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் மானுக்கென்று ஒரு நிரல் இல்லை.

செலவின் பெரும்பங்கு எங்கே போகிறது என்று கேட்டால், எல்லாச் சபைகளிலும் விடை ஒன்றுதான்: சம்பளம். ஆனால் அங்கும் ஒரு நுட்பம் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட ஆளணியினரின் சம்பளப் பணம் மாகாண சபை வழியாகச் சபைகளுக்கு மீளளிக்கப்படுகிறது. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் அவ்வாறே மாகாணத்தின் கைவழியாக வருகின்றன. அங்கீகாரம் பெறாத தற்காலிகத் தொழிலாளரைச் சபை தன் சொந்த வருமானத்திலிருந்து வைத்துக்கொள்ள வேண்டும். எனவே இரண்டு சபைகள் ஒரே தொகையைச் சம்பளமாகக் காட்டினாலும், ஒன்று பிறர் பணத்தையும் மற்றொன்று தன் மக்களின் சோலைவரியையும் செலவிட்டிருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பிரித்தறியாத ஒப்பீடு பயனற்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் காலியிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வெளிநாட்டு உதவியால் எழுந்த கட்டடங்களும் வீதிகளும் பலவாகும். அவற்றைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். பராமரிப்புச் செலவு சபைகளின் தலையிலே நின்றுவிட்டது.

குறைந்த செலவு சிக்கனம் என்றும் எண்ணிவிடக் கூடாது. கொழும்பு மாநகரின் குப்பை கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீத்தொட்டமுல்லையிலே ஆண்டுக்கணக்காகக் குவிக்கப்பட்டு வந்தது. ஓரிடத்திலே கொட்டிவிட்டு வருவதே கழிவகற்றலின் மிக மலிவான வழி. கணக்குப் புத்தகத்திலே அது மிகச் சிறந்த நிர்வாகமாகக்கூடத் தோன்றும். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளிலே, அக்குப்பைமலை சரிந்து அயல் வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொழும்பு மிச்சப்படுத்திய பணத்தின் விலையைக் கொடுத்தவர்கள் கொழும்பு மாநகரசபைக்கு வரி செலுத்தியவர்கள் அல்லர். எல்லைக்கு அப்பால் வாழ்பவரின் இழப்பு எந்தச் சபையின் செலவிலும் எழுதப்படுவதில்லை. பட்டினத்துக்கும் சூழலுக்கும் இரண்டு சபைகளை வைத்திருக்கும் திருகோணமலை மக்கள் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தி இது.

அப்படியாயின் ஒப்பீடே வேண்டாமா? வேண்டும். 1938இலே கிளாரன்ஸ் ரிட்லி, ஹெர்பட் சைமன் என்ற இருவர் நகராட்சிப் பணிகளை அளப்பது எவ்வாறு என்று ஒரு நூல் எழுதினார்கள். பின்னையவர் 1978இற் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். அந்நாளிலே இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். எவ்வளவு பணம் போனது, எவ்வளவு வேலை நடந்தது, அந்த வேலையால் மக்களுக்கு விளைந்தது என்ன என்ற மூன்றும் வேறு வேறு என்பது அவர்கள் வற்புறுத்திய கருத்து. தீயணைப்புப் படை எத்தனை வண்டி வைத்திருக்கிறது என்பது ஒன்று. தீயினால் அவ்வூருக்கு நேர்ந்த இழப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. பிரித்தானியாவிலே 1983 முதல் 2015 வரை இயங்கிய கணக்காய்வு ஆணைக்குழு, ஒத்த தன்மையுடைய சபைகளைக் குழுக்களாக வகுத்து அவற்றின் செலவையும் பயனையும் ஒப்பிட்டு வெளியிட்டது. அதனால் விழித்துக்கொண்ட சபைகள் பல. அட்டவணையில் மேலே வருவதற்காகவே வேலை செய்த சபைகளும் உண்டு என்று குறை கூறியோரும் இருந்தனர். பரீட்சைக்காக மட்டும் படிக்கும் மாணவர்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பொருத்தமான ஒப்பீடு, மொத்தத் தொகையிலே தொடங்காமல், வேலைக்கு வேலையாகத் தொடங்கவேண்டும். ஒரு தொன் குப்பையை அகற்ற எவ்வளவு செலவு? வீதியில் ஒரு மைல் நீளத்துக்கு எத்தனை விளக்கு உண்டு, அவற்றுள் எத்தனை எரிகின்றன? ஆயிரம் குடும்பத்துக்கு எத்தனை துப்புரவுத் தொழிலாளர்? விதித்த சோலைவரியிலே அறவிடப்பட்டது நூற்றுக்கு எத்தனை? இவற்றுள் கடைசிக் கேள்வியே சபையின் உண்மையான ஆற்றலை அதிகமாகக் காட்டும். நிலுவை பெருகிய சபை, விதித்த வரியைத்தானே சேர்க்க முடியாத சபை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவோர் விலைவாசியையும் கழித்துப் பார்க்கவேண்டும். 2022ஆம் ஆண்டு செப்டம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. அந்த ஆண்டிலே செலவை இரட்டித்த சபையும் எரிபொருள் கிடையாமற் குப்பை வண்டியை நிறுத்திவைத்திருக்கக் கூடும். 2023ஆம் ஆண்டு மார்ச்சிலிருந்து 2025 வரை மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் எவரும் இந்த நகரங்களின் சபைகளிலே இருக்கவில்லை, உத்தியோகத்தர்களே நடத்தினார்கள். அக்காலக் கணக்கைத் தனியாக வைத்துப் பார்ப்பதும் பயனுள்ளது. உறுப்பினர்கள் இருந்தபோது எது நடந்தது, இல்லாதபோது எது நின்றது என்பது அப்போது தெரியும்.

இக்கணக்குகள் இரகசியமானவை அல்ல. உள்ளூராட்சி மன்றங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் ஆராய்ந்து அறிக்கை தருகிறார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். இரண்டு சபைகளுக்கு ஒரே கேள்வியை ஒரே நாளில் எழுதினால், ஒப்பீட்டின் பாதி வேலை முடிந்துவிடும். பாலையூற்றிலே உள்ளவர் திருகோணமலைக்கு ஒரு கடிதமும், பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கு ஒரு கடிதமும், மட்டக்களப்புக்கு ஒரு கடிதமும் எழுதலாம். தமிழிலே எழுதலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை.

வரும் ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டத்தின் வரைவும் ஆண்டிறுதி மாதங்களிலே மக்கள் பார்வைக்காகச் சபை அலுவலகத்திலே வைக்கப்படுகிறது. ஆண்டு முழுவதற்குமான சோலைவரியை ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு கிடைக்கும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அந்த நாட்களிலே காசாளரின் யன்னலுக்கு முன்னால் வரிசை நீளும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், அதே கட்டடத்திலே மேசைமேற் கிடந்த அந்த வரைவைப் புரட்டிப் பார்க்க வந்தவர்கள் மிகச் சிலரே.